தொட்டிக்குள் நன்றாகப் பாடியவன்

ஸ்டைன்லோ பீர் ஆலையில் தொட்டிக்காரனாகச் சேர்வதற்குப் படிப்பெல்லாம் தேவையில்லை. நிலவறைச் சுவரில் ஆணியடித்து ஓர் இரும்பு வளையம் மாட்டியிருக்கும். அதைத் தலைவழியாகப் போட்டுக் கால்வழியாகக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். பீர் ஊறுகிற பெரிய தொட்டிகளின் வாய் எவ்வளவு அகலமோ அந்த வளையமும் அவ்வளவு அகலம். தொட்டி காலியானால் ஒருவன் அந்த வாய்க்குள் நுழைந்து, உள்ளே மண்டிபோட்டு, மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவியாக வேண்டும்.

கிலியான் டோட்சர் இளவட்டமாக வந்து நின்றபோது வளையம் அவன்மேல் எங்கேயும் படாமல் தரையில் விழுந்து ணங்கென்றது. முதலாளி லோரென்ஸ் அவன் பெயரைக் கூடக் கேட்கவில்லை. "நாளைக்கே வந்துடு" என்றார். இன்றைக்கு இந்தக் கதையைச் சொன்னால் கேட்பவர்கள் கிலியானின் வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு கிலியானைப் பார்ப்பார்கள். "நான்தான்யா அது. இந்த வயித்துக்குள்ள எங்கேயோ இருக்கேன்" என்பான் அவன்.

வயிறு வந்த வழியில் மர்மம் ஒன்றுமில்லை. ஆலையில் வேலை செய்கிற எல்லோருக்கும் வாராவாரம் வீட்டுக்கு ஒரு பெட்டி பீர் இலவசம். தொட்டிக்காரனுக்குக் குளிரில் கிடக்கிறான் பாவம் என்று இரண்டு பெட்டி. பாட்டில் கழுவும் கூடத்தில் இருந்த அவன் மனைவி பாபெட்டுக்கும் ஒரு பெட்டி உண்டு. அவள் பங்கில் அவள் குடித்தது ஞாயிற்றுக்கிழமை ஒரு கோப்பை. மிச்சம் வீணாகக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் கிலியான் அதையும் கவனித்துக்கொண்டான். ஒல்லியாக இருப்பவனுக்கு வேலை கொடுத்து, அந்த வேலைக்குக் கூலியாக வயிற்றையும் கொடுக்கிற ஆலை உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? இதைக் கேட்டால் முதலாளி சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

ஒவ்வொரு வருடமும் கோடை முடிந்து புதிதாகக் காய்ச்சத் தொடங்குவதற்கு முன்னால் வளையத்தை ஆணியிலிருந்து இறக்குவார்கள். தொட்டிக்காரன் எல்லோர் முன்னாலும் அதற்குள் நுழைந்து காட்ட வேண்டும். நுழையாவிட்டால் வேலை போகாது. மூட்டை தூக்க அனுப்புவார்கள், கூலியும் குறையாது. ஆனால் கிலியானுக்கு அதை நினைக்கவே பிடிக்கவில்லை. காரணம் பீர் இல்லை, பாட்டு.

சின்ன வயதில் அவனை மாதாகோயில் பாடகர் குழுவில் சேர்த்து, இரண்டாம் வாரமே, "நீ வாயை மட்டும் அசைச்சா போதும்பா" என்று சொல்லிவிட்டார்கள். அன்றோடு பாட்டை விட்டவன், முதல் தொட்டிக்குள் இறங்கித் தேய்க்கும்போது தன்னையறியாமல் முனகினான். தொட்டி அந்த முனகலை வாங்கி, உருட்டி, பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. அப்படி ஒரு குரலை அவன் ஜென்மத்தில் கேட்டதில்லை. அது தன்னுடையது என்று புரிந்ததும் அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்தத் தொட்டியையும் அவன் பாடாமல் கழுவியதில்லை, சுத்தமான தொட்டியைக்கூட இன்னொரு தரம் கழுவினான்.

பல வருடம் கழித்து ஒரு கோடையில் தொட்டி வாயில் அவன் சட்டைப் பித்தான்கள் தெறிக்க ஆரம்பித்தன. சரி, பட்டினி கிடந்து இளைத்துவிடலாம் என்று முடிவு செய்தான். ரொட்டி கூடாது, வறுத்த பன்றித்தோள் கூடாது, உருளைக்கிழங்கு உருண்டை கண்ணிலேயே படக் கூடாது. பீர்? அது திரவம் ஆயிற்றே. தவக்காலத்தில் துறவிகளே பீர் குடித்துத்தானே நோன்பிருந்தார்கள், திரவம் நோன்பை முறிக்காது என்பது இந்தப் பக்கத்தில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். கிலியான் துறவிகளையும் மிஞ்சினான். வெறும் வயிறு கத்தும்போதெல்லாம் ஒரு பாட்டில் திறந்தான். இவ்வளவு கடுமையான நோன்பை ஊர் கண்டதில்லை. வயிறும் அப்படி வளர்ந்ததில்லை.

"யோவ், கண்ணாடியில பார்த்தியா?" என்றாள் பாபெட்.

"வீக்கம்டி. சாப்பிடாம இருந்தா அப்படித்தான் வீங்கும்."

"சரிதான். அந்தச் சாமியாருங்க படத்துல ஒருத்தராச்சும் ஒல்லியா இருக்காரா, யோசிச்சுப் பாரு."

யோசித்தான். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

வளையம் இறக்கிய நாளில் ஆலையே நிலவறைக்குள் கூடியிருந்தது. தலை நுழைந்தது, தோள் நுழைந்தது, நெஞ்சு மூச்சைப் பிடித்து நுழைந்தது. வயிற்றில் வந்து வளையம் நின்றுவிட்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. கொப்பரையில் பீர் காய்ச்சும் பாப்டிஸ்ட் வந்து இழுத்துப் பார்த்தான். சோப்புப் போட்டார்கள், பன்றிக் கொழுப்புத் தடவினார்கள். யாரோ ஒரு புண்ணியவான் பதற்றம் தணியட்டும் என்று அவன் கையில் ஒரு கோப்பை பீரைக் கொடுக்க, அவனும் யோசிக்காமல் குடித்துவிட்டான்.

"டேய், அதையும் உள்ள ஊத்தறியேடா" என்றார் முதலாளி. கடைசியில் ஆலை ரம்பம்தான் அவனை விடுவித்தது.

அறுபட்ட வளையத்தைச் சுத்தியால் தட்டி மறுபடி வட்டமாக்கிக்கொண்டே முதலாளி கேட்டார்: "அப்புறம், தொட்டிக்கு யாரு?"

அங்கே பாதிப் பேர் வளையத்தைப் பார்த்ததுமே வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பாபெட் ரப்பர் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு முன்னால் வந்தாள். வளையத்தை வாங்கித் தலைமேல் பிடித்துக் கையை விட்டாள். ணங்.

"பொம்பளை உள்ள இறங்கறதா?" என்றான் பாப்டிஸ்ட்.

"வயிறுதானே கணக்கு? வா, நீ இறங்கு" என்றாள். அவன் பின்னால் நகர்ந்துகொண்டான். "முதலாளி, தொட்டிப் பங்கு ரெண்டு பெட்டி எனக்கு. எம்புருஷன் பங்கு ஒண்ணையும் நானே வாங்கிக்கறேன், அவர் இனி அளந்துதான் குடிப்பார்."

முதலாளி தலையாட்டினார். கிலியான் தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு நடந்தான். பீர் போனதற்கு அவன் வருந்தியிருந்தால் சரி, மனுஷன் என்று விட்டுவிடலாம். அவன் நெஞ்சில் நின்றது அந்த இருட்டும், அதற்குள் எழும்பிய குரலும்தான். அந்தக் குரலை இனி யாரிடம் போய்க் கேட்பது?

மறுநாள் அவளுக்கு வேலை பழக்கிக்கொடுக்க அவனையே அனுப்பினார்கள். கெட்ட காற்று இருக்கிறதா என்று பார்க்க மெழுகுவத்தியைக் கம்பியில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினான். அணையாமல் எரிந்தது. பாபெட் மீன் மாதிரி உள்ளே வழுக்கிப் போனாள். அவன் குழாயையும் தூரிகையையும் நீட்டிவிட்டு, மூட்டை அடுக்கப் போகலாம் என்று திரும்பினான்.

"எங்க போறே?" உள்ளேயிருந்து அவள் குரல் பெரிதாக வந்தது.

"மூட்டைக்கு."

"நில்லு. தலை நுழையும் இல்ல?"

"தலை நுழையும்."

"அப்ப நுழைச்சுட்டுப் பாடு. பாட்டில் கழுவற கூடத்துல குழாய் வழியா எத்தனை வருஷமா கேட்டுட்டிருக்கேன். இன்னிக்குக் கேக்காம எப்படித் தேய்க்கிறது?"

கிலியானுக்குக் காது சூடாகிவிட்டது. தொட்டிக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தானே. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வயிற்றை வெளியே விட்டு, தலையை மட்டும் இருட்டுக்குள் நீட்டினான். மெதுவாக ஆரம்பித்தான். பாதிக் குரல்தான் தொட்டிக்குள் போனது, தன் காதுக்கே தேய்ந்துபோய் ஒலித்தது.

"எப்படி இருக்கு?" என்றான்.

தூரிகைச் சத்தம் ஒரு கணம் நின்றது.

"கேவலமா இருக்கு" என்றாள் பாபெட். "நிறுத்திடாதே."