காராமணி தின்னி பிளாசீத்

எங்கள் முற்றத்துக் கடைசி அறையில் குடியிருக்கும் பிளாசீதைப் பமாக்கோ சந்தையில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். "காராமணி தின்னி முடிவெட்டுறவன்தானே? அதோ அந்தத் துணிக்கடை வாசல்" என்பார்கள். வந்த புதிதில் அந்தப் பட்டத்தைக் கேட்டுத்தான் அவன் ஊரை விட்டே ஓடப் பார்த்தான்.

அவன் கின்ஷாசாக்காரன். கத்தரிக்கோல், சீப்பு, ஒரு கண்ணாடி இவற்றைப் பையில் போட்டுக்கொண்டு, டக்காரில் சலூன் வைத்திருந்த மாமன் மகனை நம்பிப் புறப்பட்டவன். டுவாலாவில் மழையில் மாட்டி, லாகோஸில் வண்டிக்காரர்கள் போட்ட கூச்சலில் எந்த வண்டி என்று தெரியாமல் ஏறி ஒரே பாலத்தைத் திரும்பத் திரும்பத் தாண்டி, அபிஜானில் தொலைபேசியைப் பறிகொடுத்து, ஒரு வழியாக இங்கே வந்து விழுந்தான். என் தொலைபேசியில் மாமன் மகனைக் கூப்பிட்டுப் பார்த்தால், அவன் சலூனை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டானாம். முன்னால் போகவும் இடமில்லை, திரும்பிப் போகவும் வழியில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

நான் தெருமுனையில் காராமணி வடை சுட்டு விற்கிறவள். பெயர் நியேலெனி குலிபாலி. ரோஸ் நிறக் கால்சட்டையும் பளபளக்கும் சப்பாத்துமாக என் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றவன், நலம்கூட விசாரிக்காமல், "அக்கா, வடை இருக்கா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. மனுஷனாகப் பிறந்தவன் முதலில் இதையா கேட்பான்? நானே ஆரம்பித்தேன். "நல்லாத் தூங்கினியா? வீட்டுல எல்லாரும் சுகமா? அம்மா சுகமா? பிள்ளைங்க சுகமா?"

அவன் மிரண்டுபோய், "எங்கம்மாவை உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்றான்.

இவன் தேறமாட்டான் என்று அப்போதே நினைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அறையைக் கொடுத்தேன், கூடவே என் குடிப்பெயரையும் கொடுத்தேன். ம்புயி என்ற அவன் சொந்தக் குடிப்பெயரை வைத்துக்கொண்டு இங்கே ஒருவன் என்ன செய்வான்? ஓர் ஆளோடு எப்படிப் பேசுவது என்பது அவன் குடிப்பெயரைக் கேட்டால்தானே தெரியும். "இனிமே நீ குலிபாலி. என் தம்பி" என்றேன். அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான்.

அன்றைக்கே அவனுக்குச் சனி பிடித்தது. பச்சை வேனில் ஏறினான். நடத்துநர் பெயர் கேட்டான். "குலிபாலி" என்றதும், "ஐயய்யோ, காராமணி தின்னியா! ஜன்னலைத் திறங்கப்பா, மூச்சு முட்டிச் செத்துடுவோம்!" என்று வேன் முழுக்கச் சிரித்தது. தண்ணீர் பாக்கெட் விற்கிறவள், தெருவில் நிற்கும் போலீஸ்காரன், எல்லாருக்கும் அதே பேச்சு. அவன் வீட்டுக்கு வந்து சட்டையை முகர்ந்து பார்த்தான். அன்றிலிருந்து என் வடையைத் தொடுவதையும் விட்டுவிட்டான்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஒரு நாற்காலி போட இடம், அவ்வளவுதான். அது கிடைத்தால் பிழைத்துக்கொள்வான். இல்லாவிட்டால் வெறுங்கையோடு கின்ஷாசாவுக்குத் திரும்பி, வழியனுப்பிய தெருவுக்கே முகம் காட்ட வேண்டும். சந்தையில் சிதிக்கி கெய்ட்டா என்ற துணிக்கடைப் பெரியவரின் வாசலில் நல்ல நிழல். அவரிடம் அனுப்பினேன்.

பெரியவர் பெயரைக் கேட்டார். கேட்டதும் எழுந்து நின்று சந்தையையே கூப்பிட்டார். "வாங்க, வாங்க, என் அடிமை வந்திருக்கான்! காராமணி தின்னிக்கு என் கடை வாசல் வேணுமாம்! வர்ற ஆளெல்லாம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடவா?"

பிளாசீத் வீட்டுக்கு வந்து பையைக் கட்ட ஆரம்பித்தான்.

"நான் என்னக்கா தப்பு செஞ்சேன்? ஏன் ஊரே என்னை வெறுக்குது?"

"வெறுப்பா? குலிபாலின்னாலே காராமணி தின்னின்னு ஊரே கேலி பண்ணும்; கெய்ட்டாவுக்கும் நமக்கும் அது பரம்பரையா வர்ற கேலி முறைடா. அவன் உன்னைத் திட்டுவான், நீ அவனைத் திட்டணும். வாயை மூடிக்கிட்டு வந்தியே, அதான் அவமானம்!"

"அடிமைன்னு சொன்னார்க்கா!"

"நீயும் சொல்லு."

"பெரியவரையா? நெசமாவே கோபம் வந்துட்டா?"

"வரக்கூடாது. அதுக்குத்தானே இந்தப் பேச்சு."

அவனுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. இதைப் போய் இன்னும் எப்படி விளக்குவது? பையைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்குக் கிளம்பினான். வழி சந்தைக்குள்தான். பெரியவர் வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். "என்னடா, காராமணி தீர்ந்துபோச்சா, ஊருக்குக் கிளம்பிட்டே?" என்றார்.

அவ்வளவுதான். பிளாசீத் பையைத் தரையில் அடித்தான். "யாரு தின்னி? நீதான்யா தின்னி! துணிக்கட்டுக்குப் பின்னாடி சட்டியை ஒளிச்சு வெச்சுத் தின்னுதானே இந்த வயிறு! உன் அப்பன், உன் பாட்டன் எல்லாரும் எங்க வீட்டுக் காராமணியைத் திருடித் தின்னவங்கதான்!"

சந்தையே திரும்பிப் பார்த்தது. அடி விழப் போகிறது என்று பிளாசீத் கண்ணை மூடிக்கொண்டானாம். பெரியவர் தேநீரைச் சிந்திக்கொண்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அப்பாடா, வாய் இருக்கு! நாற்காலியைக் கொண்டாடா, அடிமை."

அன்றைக்கு வடையை வாங்கித் தின்றுகொண்டே, "இடம் கேட்டுக் கும்பிட்டப்போ தரலை. அப்பனைத் திட்டினேன், குடுத்துட்டார். இது என்ன ஊருக்கா?" என்று புலம்பினான்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்கு முன் பெரியவர் அவன் நாற்காலியில்தான் சவரத்துக்கு உட்காருவார். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு அவன் திட்டுவான். கண்ணை மூடிக்கொண்டு அவரும் திட்டுவார். இப்படியே வருஷங்கள் போயின. அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது, "என் அடிமை செத்தா யாரு எனக்குச் சவரம் செய்வா?" என்று கத்திக்கொண்டே மருத்துவரை அழைத்து வந்தவரும் அவர்தான்.

போன மழைக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை விடியலில், பெரியவர் போய்விட்டார். அவர் வீட்டு முற்றம் நிரம்பியிருந்தது. பிளாசீத் சுவரோரமாக என் பக்கத்தில் நின்று விம்மிக்கொண்டிருந்தான். பாயில் சுற்றிய உடலைத் தூக்கினார்கள். பெரியவரின் மூத்த மகன் எங்களைத் திரும்பிப் பார்த்தான். கெய்ட்டா வீட்டுச் சாவில் குலிபாலி ஒருவன் வழி மறித்துக் கேலி பேசி, மரியாதைக்குக் கொடுக்கும் கோலாக் கொட்டையை வாங்கிக்கொண்டுதான் விடவேண்டும். பேசாமல் போனால் பிணம் அநாதைப் பிணம் மாதிரி.

"போடா" என்று அவன் முதுகில் தள்ளினேன்.

"சாவு வீட்டுலயாக்கா? எப்படிக்கா?" என்று என்னைப் பார்த்தான். வந்த முதல் நாள் பார்த்த அதே முழி.

ஆனாலும் போனான். நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தான். "எங்க ஓடுறே, காராமணித் திருடா? இன்னைக்கு வெள்ளிக்கிழமை! நான் கத்தியைத் தீட்டி வெச்சிருக்கேன், சவரம் செஞ்சுக்காம எங்க போறே? போற இடத்துல ஒரு பய உனக்குக் காராமணி தரமாட்டான், சொல்லிட்டேன்! திரும்பி வாய்யா!"

பெரியவரின் மனைவி முதலில் சிரித்தாள். பிறகு முற்றமே சிரித்தது. அவன் மட்டும் குலுங்கிக் குலுங்கி அழுதான். மூத்த மகன் கோலாக் கொட்டையை அவன் கையில் வைத்து அழுத்தி, "போதும், வழி விடுடா குலிபாலி" என்றான்.

வழி விட்டுவிட்டு என்னிடம் வந்தான். "அக்கா, நான் சரியாப் பேசினேனா?" என்று கேட்டான். வாயைத் திறந்தால் நானும் அழுதுவிடுவேன், அதனால் தலையை மட்டும் ஆட்டினேன்.