சகாயராணிக்கு ஒரு விரோதி வேண்டும்

இட்லிக் கொப்பரையில் ஆவி கிளம்பியதும் சகாயராணி கையை முந்தானையில் துடைத்துக்கொள்கிறாள். மாவுச் சட்டியை ஒதுக்கிவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட பைபிளை மடியில் விரித்து, ஆள்காட்டி விரலை வரி வரியாக நகர்த்தி, உதடு அசைய வாசிக்கிறாள். கடைக்கு வந்தவர்கள் அந்த நேரத்தில் சட்னிகூடக் கேட்பதில்லை. மதகடிப்பட்டு கூட்டு ரோட்டில் விழுப்புரம் பஸ்ஸுக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடையாது. விரல் ஓரிடத்தில் நின்றதும், பக்கத்தில் வெங்காயம் உரிக்கும் அவள் புருஷன் எழிலரசன் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பான்:

"இன்னிக்குக் கதையா, வேலையா?"

கதை என்றால் பிழைத்தான். யாரோ படகில் போனார்கள், யாருக்கோ காய்ச்சல் விட்டது என்று முடித்துக்கொண்டு அவள் சாம்பாரைக் கிளறப் போய்விடுவாள். வேலை என்றால்தான் வினை. இதைச் செய், அதைச் செய்யாதே என்று அன்றைய பகுதியில் கட்டளை இருந்தால் பொழுது சாய்வதற்குள் அது நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் மறுநாளும் அதே பகுதிதான்.

எல்லாம் பங்குச் சாமியார் செய்த வேலை. பயிருக்குத் தண்ணீர் போல ஆன்மாவுக்குத் தினமும் இறைவார்த்தை வேண்டும், ஒரு நாள் விட்டாலும் வாடிப்போகும், ஆனால் வாசித்தால் மட்டும் போதாது, வாசித்ததை வாழ்ந்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டும் என்று தவக்காலப் பிரசங்கத்தில் ஒரு வேகத்தில் சொல்லிவிட்டார். கோயிலில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டிவிட்டு நேரே கறிக்கடைக்குப் போனார்கள். சகாயராணி மட்டும் வீட்டுக்கு வந்து லூக்காவைப் பிரித்தாள்.

இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற இடம் வந்தது. அவளிடம் ஏது அங்கி? வீட்டில் உருப்படியாக இரண்டு சட்டை வைத்திருந்த ஒரே ஆள் எழிலரசன். அவனுடைய கட்டம் போட்ட சட்டை கரும்பு ஜூஸ்காரர் உடம்புக்குப் போய்விட்டது. மீதிச் சட்டை கொடியில் காயாமல் கிடந்த ஞாயிற்றுக்கிழமை, அவன் துண்டைப் போர்த்திக்கொண்டு பூசைக்குப் போனான். "இப்ப நீ இல்லாதவன் ஆயிட்ட இல்ல, உனுக்கு எவனாச்சும் குடுப்பான்" என்று அவள் தேற்றினாள். இன்றுவரை எவனும் கொடுக்கவில்லை.

பழைய துணியில் புதுத் துணியை ஒட்டுப் போடாதே என்று வாசித்த அன்று ஸ்டூல் போட்டு ஏறினாள். கடைக்கு மேலே பழைய தார்ப்பாயில் எழிலரசன் பாடுபட்டு ஒட்டியிருந்த புதுத் துண்டைப் பிய்த்து எறிந்தாள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டு சாம்பார் அண்டாவுக்குள்ளேயே கொட்டியது. எட்டிப் பார்த்த சகாயராணி, "இன்னிக்கு ரசம்தான்" என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி, பகைவரிடம் அன்பு காட்டு என்ற வரியில் வந்து நின்றது. அக்கம்பக்கத்து நிலங்களில் கரும்பு நட்டபோது வந்த வரி அது. கரும்பு ஆளை மறைக்க வளர்ந்த பிறகும் விரல் அங்கேயே நின்றது. காரணம், சகாயராணிக்கு விரோதி யாரும் இல்லை. தினமும் வாசித்தாள், தினமும் யோசித்தாள், தினமும் அதே பதில். கடைக்கு வருகிறவர்களிடம், "எம்மேல உனுக்கு எதுனா கோவம் கீதாப்பா?" என்று விசாரித்தும் பார்த்தாள். கரண்டி அவள் கையில் இருக்கும்போது ஆமாம் என்று சொல்ல யாருக்குப் பைத்தியம்?

சாமியார் ஸ்கூட்டரை நிறுத்தி, பரவாயில்லை, அடுத்த பகுதிக்குப் போங்கள் என்றார். நீங்கள்தானே திருப்பக் கூடாது என்றீர்கள் என்று அவள் மடக்கினாள். அவர் தலையைச் சொறிந்து, மனிதருக்கெல்லாம் பொது விரோதி சாத்தான் இருக்கிறானே என்றார்.

"அப்ப சாத்தான் மேல அன்பு காட்டணுமா, ஃபாதர்?"

சாமியார் இரண்டு இட்லியைப் பார்சல் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இதற்கிடையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் பலராமனுக்கு ஒரு சேதி எட்டியது. அந்த வரிக்குக் கொஞ்சம் கீழே, கேட்கிற எவருக்கும் கொடு என்று ஒரு வரி இருக்கிறதாம். அவ்வளவுதான், ஓசி இட்லி ஆசையில் கூட்டு ரோடே பக்தியில் மூழ்கியது. பைபிளைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட "அக்கா, இன்னிக்காவது தாண்டிட்டியா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். சகாயராணிக்கு எப்பாடு பட்டாவது ஒரு விரோதியைத் தயார் செய்வது என்று முடிவானது. எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருக்கும் மணவாளனைப் பிடித்தார்கள். தொழில் போட்டி, பொருத்தமான ஆள்.

மணவாளன் தன் பெஞ்சைத் தூக்கிவந்து அவள் கடை வாசலில் குறுக்கே போட்டான். அவள் அதைத் துடைத்து, வாடிக்கையாளர்களை உட்கார வைத்தாள். உன் சட்னி வாயில் வைக்க விளங்கவில்லை என்று அவன் முறைத்துப் பார்த்தான். முறைப்பு பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. "உனுக்கு அதெல்லாம் வராதுடா தம்பி, குந்து, சாப்புடு" என்று தட்டை நீட்டினாள். விரோதி நான்கு இட்லி தின்றுவிட்டுப் போனான்.

எழிலரசன் மட்டும் இந்தக் கூத்தில் சேரவில்லை. அவனுக்கு விடை தெரியும். திருக்கனூர்ப் பக்கத்திலிருந்து தினமும் காலையில் ஒரு கம்பெனி வேன் ஆள் ஏற்ற வந்து எதிரே நிற்கும். சன்னலோரத்தில் ஜோஸ்பின் உட்கார்ந்திருப்பாள். சகாயராணி இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை. வேன் வரும் நேரம் பார்த்து சகாயராணிக்கு அடுப்புப் பக்கம் திரும்ப ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

சண்டைக்குக் காரணம் ஒரு பேனர். ஜோஸ்பின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்தியபோது தெருமுனையில் பேனர் வைத்தார்கள். நாத்தனார்கள் எல்லாம் ஆளுயரத்துக்குச் சிரித்தார்கள். சொந்த அக்காள் படம் கீழ்மூலையில் உள்ளங்கை அளவு. அதுவாவது போகட்டும், கம்பத்தில் கட்டக் கயிறு கோத்த ஓட்டை சரியாக அவள் மூக்கில் விழுந்திருந்தது. மூக்கில் கயிற்றோடு தெருவில் தொங்கிய தன்னைப் பார்த்துவிட்டு, சீர்த்தட்டோடு வாசலிலிருந்தே திரும்பியவள்தான். வருஷக்கணக்கில் பேச்சு இல்லை. எழிலரசனுக்கு இது தாங்காது. தலைவலி வந்தால்கூட ஒருத்திக்கொருத்தி சொல்லாமல் இருக்க முடியாதவர்கள் அவர்கள்.

அன்று வேன் போனபிறகு, அவன் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"ராணி, விரோதிய ஊரெல்லாம் தேடுற. வேன் வந்தா ஏன் அடுப்பு பக்கம் திரும்பிக்கிற?"

"அவ இன்னாத்துக்கு விரோதி?" என்றாள், கரண்டியைப் பார்த்தபடி. "அவ எனுக்கு யாருமே இல்ல."

சொன்ன பிறகு அவளுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். அன்று முழுக்கச் சட்னிக்கு யார் கேட்டாலும் சாம்பாரை ஊற்றினாள்.

மறுநாள் பைபிளைப் பிரித்தாள். விரல் அதே வரியில் நின்றது. எழிலரசன் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. வேன் வந்து நின்றது. சகாயராணி தட்டில் நான்கு இட்லி வைத்தாள், சாம்பாரை ஊற்றினாள், ரோட்டைக் கடந்தாள். கூட்டு ரோடு மொத்தமும் இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. சன்னலுக்குள் ஜோஸ்பின் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறிப் போவுது. புடி."

ஜோஸ்பின் நிமிரவில்லை. சகாயராணி தட்டை இன்னும் உயர்த்தினாள், சாம்பார் முழங்கையில் வழிந்தது. டிரைவர் ஹாரன் அடிக்கப் போனவர், பலராமன் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டார். கடைசியில் சன்னல் வழியாக ஒரு கை வந்து தட்டை வாங்கியது. ஜோஸ்பின் ஒரு விள்ளல் எடுத்தாள், தோய்த்தாள், மென்றாள்.

"உப்பே இல்ல" என்றாள்.

பலராமன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். இதே வார்த்தையைச் சொன்னதற்காக ஒரு முறை அவனைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி அனுப்பியவள் சகாயராணி. இப்போது அவள் சட்டென்று திரும்பிக் கடையைப் பார்த்து ஓடினாள். போச்சு, கரண்டி எடுக்கப் போகிறாள் என்று மணவாளன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். அதற்குள் வேனும் நகர்ந்துவிட்டது.

அவள் எடுத்துவந்தது கரண்டியை அல்ல. உப்பு ஜாடிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக்கொண்டு, கொண்டை அவிழ்ந்து தொங்க, செருப்பு ஒன்று கழன்று பின்தங்க, விழுப்புரம் ரோட்டில் வேனின் பின்னால் ஓடினாள். வேகத்தடையில் வேன் தயங்கியது. சன்னலிலிருந்து தட்டு வெளியே நீண்டது. மூச்சு வாங்க எக்கி நின்று, மூன்று விரலால் கிள்ளி உப்பைத் தூவினாள். அவளுக்கு எட்டட்டும் என்று ஜோஸ்பின் தட்டை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தாள்.