நாங்கள் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா

மேலூரிலிருந்து மதுரைக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். சிவில் டிப்ளமா முடித்தவள். ஓர் அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை. எங்கள் வரைபடங்களின் வலது மூலையில் மூன்று கட்டங்கள் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். நடுக்கட்டத்தில் கையெழுத்து இல்லாத தாள் வெளியே போகாது. இந்தப் பழக்கம் வீட்டிலும் என்னை விடவில்லை. மளிகைச் சாமான் வந்தால்கூட ஒவ்வொன்றாக டிக் அடித்துத்தான் உள்ளே எடுத்து வைப்பேன்.

அப்பாவும் சரிபார்க்கிறவர்தான். பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். வழியில் கையைக் காட்டி நிறுத்தி ஏறுவார். ஏறியவுடன் டிக்கெட் கேட்கமாட்டார். நடுவில் நின்று முகங்களைப் பார்ப்பார். டிக்கெட் இல்லாதவர் தானாக ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார் என்பது அவர் அனுபவம். "கேட்டா பொய் சொல்லுவான் பாப்பா. கேக்காம நின்னுக்கிட்டிருந்தா மூஞ்சி சொல்லிரும்" என்பார்.

நாளெல்லாம் ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் போய்விட்டன. மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருந்தார். டாக்டர் என்று பலகை இருந்தது. பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்துகளும் ஒரு பதிவு எண்ணும் இருந்தன. முன்பு எங்கோ ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர் என்று சிலர் சொல்வார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் பள்ளியில் படித்தபோது எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அப்போது தினமும் சைக்கிளில் வீட்டுக்கே வந்து என் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனவர் அவர்.

அப்பாவுக்கு ஓர் ஊசி போட்டு, காகிதப் பொட்டலத்தில் மாத்திரை மடித்துக் கொடுத்தார். இரண்டாம் நாளே வலி நின்றது. அதன்பிறகு இரண்டு வருஷம் அப்பா தினமும் அந்தப் பொட்டலத்தைத்தான் சாப்பிட்டார். கன்னம் உப்பி முகம் உருண்டையானது. "அண்ணே, கல்யாண மாப்ள கணக்கா ஆயிட்டீக" என்று கண்டக்டர்கள் கிண்டல் செய்தார்கள். அம்மாவும் நானும் சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிறகு ஓயாத தாகம் வந்தது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்தது. எங்கே இடித்தாலும் தோல் நீலமாகக் கன்றியது. ஒரு நாள் காலையில் பாதம் வீங்கி டியூட்டி ஷூவுக்குள் நுழையவில்லை. அன்றைக்குத்தான் ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன். அப்பாவை மதுரையில் நல்ல பொது மருத்துவர் ஒருவரிடம் காட்ட வேண்டும். கூட்டத்தைப் பார்த்தோ கைராசியை நம்பியோ தேர்ந்தெடுக்கக் கூடாது. படிப்பு, படித்த கல்லூரி, பதிவு எண், படுக்க வைத்துத் தொட்டுப் பார்ப்பாரா, நோயாளி பேசி முடிக்கும்வரை கேட்பாரா என்று தனித்தனிப் பத்தி பிரித்தேன்.

ஒரு வாரம், வேலை முடிந்ததும் கோரிப்பாளையம் பக்கத்தில் நடந்து பலகைகளைப் பார்த்தும் வாசலில் காத்திருந்தவர்களிடம் விசாரித்தும் எழுதினேன். இருந்த பெயர்களைக் கழித்துக் கழித்து இரண்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த இரண்டு பேரின் பதிவு எண்களையும், கூடவே எங்கள் மேலூர் டாக்டரின் எண்ணையும் எழுதி, மெட்ராஸில் டாக்டர்களைப் பதிவு செய்கிற அலுவலகத்துக்குப் பதில் தபால்தலை வைத்துக் கடிதம் போட்டேன். சில வாரங்களில் பதில் வந்தது. மதுரை எண்கள் இரண்டும் சரி. மேலூர் எண்ணில் வேறு யாருடைய பெயரோ இருந்தது.

அப்பாவிடம் காட்டினேன். "நம்பர் இல்லாட்டி என்ன? வலி நின்னுச்சா இல்லையா?" என்றார்.

மிச்சமிருந்த இருவரில் யார் என்று முடிவுசெய்ய, கோரிப்பாளையத்தில் மருந்துக்கடை வைத்திருந்த பாயிடம் போனேன். எல்லா டாக்டர்களின் சீட்டும் அவர் கைக்கு வரும். யார் நல்ல டாக்டர் என்று கேட்டால் நழுவிவிடுவார் என்று தெரியும். அதனால், "பாய், உங்க வீட்ல யாருக்காச்சும் முடியலைன்னா எங்க கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டேன்.

சிரித்தார். "ஆளை மடக்குறியேம்மா! இந்தா, பின்னாடி சந்துல இருக்காங்கள்ல, அந்த டாக்டரம்மாகிட்டத்தான். கூட்டம் இருக்காது. பொம்பளை டாக்டர்னாலே பிரசவம் பாக்குறவுகன்னு நெனச்சுக்கிட்டு ஆம்பளைங்க திரும்பிப் போயிருவாங்க. பொது மருத்துவத்துல எம்.டி. படிச்சவங்க. சீட்டுல ரெண்டு மருந்துக்கு மேல இருக்காது. எனக்குத்தான் ஏவாரம் இல்லை."

என் இரண்டு பெயர்களில் ஒன்று அந்த டாக்டரம்மாவுடையதுதான்.

பஸ்ஸில் போகும்போது அப்பா ஒரு நிபந்தனை போட்டார். "பொட்டலத்தைப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது. அம்புட்டுப் படிச்சவுகதானே, அவுகளே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடிச்சா நல்ல டாக்டரு."

எங்கள் பக்கத்தில் பலரும் அப்படித்தான். நாடியைப் பிடித்தவுடன் டாக்டரே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நாமே சொல்லிவிட்டால் அவர் எதற்கு? அப்பாவைச் சொல்லிக் குற்றமில்லை. நான் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். நோட்டை எடுத்து, 'சொல்லாமலே கண்டுபிடிக்கிறாரா' என்று இன்னொரு பத்தி சேர்த்துக்கொண்டேன்.

டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். அப்பாவைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். கையில் இருந்த நீலக் கன்றல்களை நிதானமாகப் பார்த்தார். "வேற எதுவும் மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா."

"மூட்டு வலிக்கு எதாவது?"

"இல்லீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த பட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ரத்தமும் சிறுநீரும் சோதித்துக்கொண்டு, வீட்டில் இருக்கிற பழைய சீட்டு, மாத்திரை எல்லாவற்றோடும் ஐந்தாம் நாள் வரச் சொன்னார். அதுவரை ஒரே ஒரு மாத்திரைதான் எழுதிக் கொடுத்தார். "பாத்தியா, கண்டுபிடிக்கலையே" என்று அப்பா பஸ்ஸில் சிரித்தார். நான் அந்தப் பத்தியில் 'இல்லை' என்று எழுதினேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா மிச்சமிருந்த பொட்டலங்களைக் குப்பையில் போட்டார். ரெண்டு டாக்டர் மருந்தைக் கலக்கக் கூடாதாம். அது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

நான்காம் நாள் காலை, பல் விளக்கப் போனவர் குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். வாந்தி எடுத்தார். தூக்கி நிறுத்தினால் கண் சொருகியது. கை ஜில்லென்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வாடகைக் கார் பிடித்து வந்தார். மதுரை வரை அப்பாவின் தலை என் மடியில் கிடந்தது. டாக்டரம்மாவின் அறை வாசலில் இறங்கியதுமே சொல்லிவிட்டேன். பொட்டலம், இரண்டு வருஷம், மூன்று நாளாக நிறுத்தியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

அவர் உடனே அப்பாவை அடுத்த கட்டடத்தில் இருந்த நர்சிங் ஹோமில் படுக்க வைத்து ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "எம்.டி.ன்னா ஜோசியம்னு நெனச்சீங்களா?"

அப்பாவின் கேஸ் தாளை எடுத்து நீட்டினார். முதல் நாள் தேதியின் கீழே 'ஸ்டீராய்டு' என்று எழுதி, ஒரு கேள்விக்குறி போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

"சந்தேகம் அன்னிக்கே வந்துச்சு. அதனாலதான் ரெண்டு தடவை கேட்டேன். இந்த மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிட்டா உடம்பு தனக்குள்ள இதைச் சுரக்குறதை நிப்பாட்டிரும். திடீர்னு விட்டா இப்படித்தான். இனி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். என்ன மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனைன்னு தெரியணும். யாரு குடுத்தாங்களோ அவங்ககிட்டயே கேட்டுட்டு வாங்க."

அம்மாவை அப்பாவின் பக்கத்தில் விட்டுவிட்டு மேலூருக்குத் திரும்பினேன். கைப்பையில் மெட்ராஸ் கடிதம் இருந்தது. சொல்ல மறுத்தால் எடுத்துக் காட்டலாம் என்று வழியெல்லாம் வாக்கியங்களை அமைத்துக்கொண்டு போனேன்.

மேலூர் டாக்டர் தனியாக இருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. "நிப்பாட்டிட்டாரா? சட்டுனு நிப்பாட்டக் கூடாதே தாயி!" என்று எழுந்துவிட்டார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். "நான் சொல்லியிருக்கணும். வலி நின்னா போதும்னு வாராக. நானும் குடுத்துக்கிட்டே இருந்துட்டேன்."

நான் கேட்பதற்கு முன்பே ஒரு தாளை இழுத்து எழுதத் தொடங்கினார். மாத்திரையின் பெயர், அளவு, காலையில் எத்தனை, இரவில் எத்தனை, எந்த மாதத்திலிருந்து, ஊசி எத்தனை முறை. எழுத்து தெளிவாக இருந்தது. அடியில் கையெழுத்துப் போடப் போனவர் பேனாவை நிறுத்தினார்.

"பேரும் போடணுமா பாப்பா?"

கடிதம் கைப்பையிலேயே இருந்தது. "வேணாங்க, மாத்திரை பேரு போதும். ஆனா இதே மாத்திரை வேற யாரு யாரு சாப்பிடுறாங்களோ, அவங்களுக்கும் இது மாதிரி எழுதிக் குடுங்க. நிப்பாட்டக் கூடாதுன்னும் சொல்லுங்க" என்றேன்.

தலையை ஆட்டினார். கடிதத்தைக் காட்டாமல் வந்தது சரியா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

டாக்டரம்மா அந்தத் தாளைப் பார்த்து அளவைக் கணக்கிட்டார். அப்பா நான்கு நாளில் எழுந்து நடந்தார். ஆனால் மாத்திரையை அடியோடு விடப் பல மாதங்கள் ஆயின. சர்க்கரைக்குத் தனி மருந்து வந்தது. முழங்கால் வலியும் திரும்பி வந்துவிட்டது. கம்பெனியில் கேட்டு உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாறிக்கொண்டார்.

கடைசியாகப் போனபோது பெஞ்சில் எங்களுக்கு முன்னால் மேலூர்க்காரர் ஒருவர் இருந்தார். வட்ட முகம், இடுப்பில் கட்டியிருந்த துண்டில் ஒரு தாளைச் செருகியிருந்தார். மேல் மடிப்பில் தெரிந்த தெளிவான எழுத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். மருந்துக்கடை பாய் சொன்னது ஞாபகம் வந்தது: மேலூரிலிருந்து இப்படித் தாளோடு வருகிறவர்கள் அவ்வப்போது உண்டாம்.

அப்பா அவரையே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அண்ணே, உள்ள போனதும் மொதல்ல அந்தச் சீட்டை எடுத்து நீட்டிருங்க. அந்தம்மா கேக்கட்டும்னு இருக்காதீக. நான் இருந்து பாத்துட்டேன்."