ஓர்ப்படி வீட்டுக் குளிர்ச்சி

ஒரே புயலில்தான் எங்கள் இரண்டு வீடும் விழுந்தன. என்னுடையதும், பக்கத்து மனையில் இருந்த ஓர்ப்படியுடையதும். அவள் என் கொழுந்தன் மனைவி. மகள் கல்யாணத்துக்கு நிற்கிறாளே என்று நான் அவசரமாக மேலே கான்கிரீட் தளம் போட்டு, சுவருக்கு ரோஸ் பெயின்ட் அடித்துவிட்டேன். இடிந்த செங்கல்லையெல்லாம் குளத்தோரம் கொட்டச் சொன்னேன்.

"அக்கா, அத எனக்குத் தர்றீங்களா?" என்று வந்து நின்றாள்.

"குப்பைய அள்றதுக்கு உத்தரவு வேற கேப்பியா? அள்ளிக்க." எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

பழைய சுண்ணாம்புக் கட்டு என்பதால், தட்டினால் கல் உடையாமல் பிரிந்து வந்தது. உடைசலை நிரப்பி, வெள்ளம் ஏறாதபடி தரையை உயர்த்தினாள். முழுக் கல்லை நிறுத்தி வைத்து, நடுவில் இடைவெளி விட்டுச் சுவர் எழுப்பினார் கொத்தனார். கல்லும் குறைவாகப் பிடிக்கும், சூடும் உள்ளே இறங்காதாம். மேலே ஓடு, காற்று தூக்காதபடி ஓரமெல்லாம் கம்பி போட்டுக் கட்டியாயிற்று.

"அவ வூட்டுக்குள்ள போனா தண்ணிப் பானைக்குள்ள கைய வுட்ட மாதிரி இருக்குடி" என்றாள் தெருக்காரி ஒருத்தி. யாராவது இப்படி அழகாக ஒரு பேச்சுச் சொன்னால் நாள் முழுக்க வாயில் போட்டுச் சுவைப்பவள் நான். இது மட்டும் தொண்டையிலேயே நின்றது.

சித்திரையில் அம்பகரத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணை விடுங்கள், அவளை யாருக்கும் பிடிக்கும். என் வீடும் பிடிக்க வேண்டுமே என்று எனக்குக் கவலை. கேசரித் தட்டை வைக்கிறேன், கரண்ட் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார்.

"இப்ப வந்துடுங்க" என்றேன். வரவில்லை.

"நம்ம வூட்டுல வந்து உக்காருங்களேன், சில்லுன்னு இருக்கும்" என்றாள் ஓர்ப்படி. நான் அவளை முறைப்பதற்குள் அந்த அம்மா எழுந்துவிட்டார்.

அங்கேயே பேசி முடித்து, அங்கேயே தாம்பூலமும் மாற்றினார்கள். நான் வாயெல்லாம் பல்லாக நிற்கும்போது அந்த அம்மா சுவரைத் தடவிப் பார்த்தார். "நாளைக்கிப் பேறுகாலத்துக்கு வந்தா பொண்ண இந்த வூட்டுல வச்சுக்குங்க சம்பந்தி. பச்ச ஒடம்பு, அந்தத் தளத்துக்கு அடியில தாங்காது."

பெற்றவள் நான், பேரப்பிள்ளை அவள் வீட்டில் கண் விழிக்க வேண்டுமாம்.

அவர்கள் பஸ் ஏறியதும் கணவரிடம் சொன்னேன்: "கொல்லையில ஒரு ரூமு போடுங்க, அதே மாதிரி. அவளதவிட உசரமா."

"போட்டுருவோம். கொத்தனாரு எந்த ஊருன்னு அவளத்தான் கேக்கணும்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

போய்க் கேட்டேன்.

"இதுக்கென்னக்கா, நாளைக்கே வரச் சொல்றேன். நானும் கூட வந்து நிக்கிறேன்" என்றாள்.

கொஞ்சமாவது பிகு பண்ணியிருக்கலாம் அவள்.