அம்மாவின் கன்னத்து நிழல்

அம்மா செத்த அன்று சாயங்காலமே தெருமுனையில் பிளெக்ஸ் ஏறிவிட்டது. கண்ணீர் அஞ்சலி என்று போட்டு, நடுவில் யாரோ ஒரு சிவத்த பொம்பளை. புடவையை வைத்துத்தான் அது அம்மா என்று கண்டுபிடித்தேன். ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவை ஸ்டூடியோக்காரன் வெளுக்க வெளுக்கத் தேய்த்து, கன்னத்து எலும்பையும் கண்ணுக்குக் கீழே இருந்த குழியையும் ஒழித்துக் கட்டியிருந்தான். முகத்தில் மருந்துக்குக்கூட நிழல் இல்லை. பொரிக்காத அப்பளம் மாதிரி இருந்தது. அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். “நல்லாத்தான கீது, இப்போ இன்னா?” என்றான். வந்தவர்கள் எல்லாருக்கும் நல்லாத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினாறாம் நாள் கருமாதி, கூடவே படத்திறப்பு. அதே அப்பளத்தைச் சின்னதாக்கி பிரேம் போடக் கிளம்பினான் அண்ணன். நான் வரைகிறேன், கடைக்குப் போகாதே என்று தடுத்துவிட்டேன். முப்பத்தாறு வயதில், ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி உத்திரமேரூருக்கு ஓவிய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவள் நான். எதற்காகப் போனேன், இதற்குக்கூட உதவாவிட்டால்?

வகுப்பில் வெளிச்சம் எப்போதும் இடது பக்கம் மேலேயிருந்துதான் வரும். ஜாடிக்கும் அப்படித்தான், பந்துக்கும் அப்படித்தான். அம்மா ஜாடியா? சாலவாக்கம் பக்கத்துக் கழனிகளில் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டவள். நான் பார்த்த அம்மாவின் முகத்துக்கு வெளிச்சம் கீழே, சேற்றுத் தண்ணீரிலிருந்து வந்தது. தாடை மின்னும், நெற்றி இருட்டிக் கிடக்கும்.

முதலில் பென்சில். இருட்டாக வரவேண்டிய இடத்தை அழுத்த அழுத்த, அது ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது. கிழித்துப் போட்டேன். வாட்டர் கலரில் வெளிச்சம் வேண்டிய இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். ஆத்திரத்தில் கை ஓடி, தாடையையும் சேர்த்து நனைத்துவிட்டேன். அதுவும் போயிற்று. அடுத்து சார்கோல் என்கிற கரிக்குச்சி. கறுப்புதானே உனக்கு ஆகாது, இந்தா வாங்கிக்கொள் என்று ஸ்டூடியோக்காரனைத் திட்டிக்கொண்டே முகம் முழுக்க அப்பினேன். தள்ளி நின்று பார்த்தால் அங்கேயும் அம்மா இல்லை. அவன் வெள்ளையில் செய்ததையே நான் கறுப்பில் செய்திருந்தேன்.

என் மேலேயே எரிச்சலாக வந்தது. இரண்டு நாள் காகிதத்தைத் தொடவில்லை. பிறகு ரப்பரைக் கூராக வெட்டி, அப்பிய கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க ஆரம்பித்தேன். தாடை ஓரம் ஒரு கீற்று, மூக்கின் அடியில் ஒரு புள்ளி. கறுப்புத் தோலில் வெளிச்சம் எவ்வளவு அழுத்தமாக உட்காரும் என்று அப்போதுதான் கைக்குப் பிடிபட்டது. பதினைந்தாம் நாள் காகிதத்தில் அம்மா நடவில் குனிந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். உட்கார்ந்து அழுதேன்.

கண்ணாடி போட நேரமில்லை. அட்டையில் ஒட்டி, கருமாதியன்று காலை நாற்காலியில் வைத்துவிட்டுப் பூ வாங்கப் போனேன். சாமி படமோ செத்தவர் படமோ, பொட்டு வைக்கும் முன் ஈரத்துணியால் துடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, துடைத்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பக்கக் கன்னம் இல்லை.

“ஒரே கரியா அப்பிக்கினு இருந்துச்சும்மா, அதான் தொடச்சி வுட்டேன்” என்று துணியைக் காட்டினாள்.

அதைப் பிடுங்கி வாசலில் வீசினேன். அவ்வளவு சனமும் பார்த்தது, பார்க்கட்டும். விசிறியால் வீசி ஈரத்தைக் காயவைத்து, தரையில் உட்கார்ந்து, மறுபடியும் கன்னத்தில் கரியை ஏற்றினேன். காரியம் செய்ய வந்தவர் நேரமாகிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் வந்து குனிந்தான்.

“போதும், ரொம்ப கறுப்பா பூடுது. சனம் இன்னா சொல்லும்?”

“நம்ம அம்மா கறுப்புதான். சொல்லட்டும்.”

ரப்பரால் கடைசிக் கீற்றை எடுத்துவிட்டு நகர்ந்தேன். சின்னம்மா குங்குமத்தோடு வந்தாள். பொட்டு வைக்கக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்று, அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அப்போ தெருமொனைல தொங்கினு கீறாளே, அவ யாருடா?”