டோக்கன் அக்கா

இந்தியில் போன் பேசும்போது வெற்றிச்செல்வி எழுந்து நின்றுகொள்வாள். மறுமுனையில் இருப்பவர் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "ஜி சார், ஜி சார்" என்பாள். டோக்கன் வரிசையில் நிற்கும் வேப்பந்தட்டைக்காரர்கள் அவளை வடக்கத்திப் பெண் என்று நினைத்துக்கொள்வார்கள். சிறுவாச்சூர் மருமகள் என்றால் நம்பமாட்டார்கள்.

பெரம்பலூரில் நான் பெருக்கித் துடைக்கிற தனியார் ஆஸ்பத்திரியில் அவள் டோக்கன் எழுதுகிறாள். படிப்பு நர்சிங். கணவர் அறிவரசன் ராணுவத்தில் இருக்கிறார். அவரோடு வடக்கே போனபோது தன் நர்ஸ் பதிவையும் அந்த மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டு, பிரசவ வார்டில் வேலை பார்த்தாள். பிறகு அவரை எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள். குடும்பம் போக முடியாத இடம். அவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். பதிவு திரும்பவில்லை. அங்கிருந்து தடையில்லாச் சான்று வந்து, இங்கே மறுபடி பதியும்வரை ஊசியைத் தொடக்கூடாது. இந்திப் போனெல்லாம் அந்தச் சான்றைக் கேட்டுத்தான். உள்ளே குழந்தை வீறிட்டால் அவள் பேனா நின்றுவிடும்.

"எங்க வூட்டுக்காரர துப்பாக்கியோட விடியறதுக்குள்ள மாத்திடுறாங்க. எனக்கு ஒரு தாளு வரமாட்டேங்குதுக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தானே சிரித்துக்கொள்வாள்.

"பட்டாளத்துச் சம்பளம் வருதுல்ல, டவுன்ல போயி குந்தியிருக்கணுமா?" என்பார் மாமியார் ரத்தினம்மாள். அவள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள்.

மதியம் நர்ஸுகள் மாடியில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "டோக்கன் அக்கா, நீங்களும் வாங்க" என்று ஒருத்தி கூப்பிட்டாள். கவுண்டரை விட்டு வரமுடியாது என்று வெற்றிச்செல்வி சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில் கவுண்டருக்கு யாரும் வருவதில்லை.

ஒருவழியாகச் சான்று வந்தது. பதிவும் முடிந்தது. திங்கட்கிழமை முதல் வார்டுக்கு வரச் சொன்னார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அறிவரசன் போன் செய்தார். சத்தத்தில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள். அசாமுக்கு மாற்றல் வந்துவிட்டதாம், குடும்பத்தோடு இருக்க குவார்ட்டர்ஸும் கொடுத்துவிட்டார்களாம். இனித் தனியாகக் கிடக்கவேண்டாம், இந்த வாரமே கிளம்பி வா என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"நல்லதுங்க" என்றாள். "அங்க நர்சுங்க எந்த ஆபீஸ்ல பதியணும்னு விசாரிச்சு வைங்க."

"மொதல்ல நீ வாம்மா, பாத்துக்கலாம்."

போனை வைத்தபோது ஒரு பெரியவர் டோக்கனுக்காகக் கம்பிக்குள் கையை நீட்டினார். வெற்றிச்செல்வி அவர் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வினாடி முள் ஒரு சுற்று முடித்த பிறகும் அவள் விரல்களை எடுக்கவில்லை.