கேஜ் இல்லாத எஞ்சின்

என் வீட்டுக்காரர் முப்பத்தாறு வருஷம் ஆஸ்பத்திரி பாய்லர் அறையில் வேலை பார்த்தார். துணி வெளுக்க ஆவி வேண்டும், கத்தி கத்தரிக்கோலைச் சுத்தம் செய்ய ஆவி வேண்டும். ஆவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்கு எதிரே கண் கொட்டாமல் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் எனக்கு வாய்த்தார்.

பாய்லர்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பிரஷர் இருக்கிற பாய்லரை விட்டு நகரக் கூடாது. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, பிரஷர் காட்டுகிற கேஜைப் பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, "சார்ஜ் எடுத்துக்கிட்டேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கால் வாசலைத் தாண்டலாம். இவருடைய அடுத்த ஷிப்ட் ஆள் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. போன் செய்தால் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்பாராம். நான் அவருக்கு வைத்த பேரே 'வந்துட்டேன்' தான்.

என் மகள் அதே ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள். பிரசவ வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பாய்லர் அறையின் புகைபோக்கி தெரியும். இருநூறு அடி தூரம் இருக்குமா? குழந்தையைச் சுற்றிக் கொடுத்த துணி இவர் கொடுத்த ஆவியில் வெளுத்தது. இவர் வந்து அவள் முகத்தைப் பார்த்தபோது சாயங்காலம் மணி ஏழாகியிருந்தது, அவள் பிறந்தது காலை ஒன்பதரைக்கு. 'வந்துட்டேன்' அன்றைக்கும் நேரத்துக்கு வரவில்லை. எனக்கு அந்தப் புகைபோக்கியைக் கல்லால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

கல்யாணம், காரியம், மகள் குடிபோனது, எல்லாவற்றுக்கும் நான் மட்டும்தான் போனேன். "அவர் வரலையா?" என்று கேட்காத வாய் கிடையாது. ரிட்டயர் ஆகட்டும், ஒரே ஒரு தடவை ரெண்டு பேருமாகச் சேர்ந்து வாசலைப் பூட்டிக்கொண்டு கிளம்பி, மகள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

ரிட்டயர் ஆனார். முதல் வாரமே சமையலறையில் குக்கர் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். விசில் எண்ணுகிறாராம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளைதான் ஒரு யோசனை சொன்னார். தோட்டத்தில் தண்டவாளம் போட்டு ஓடவிடுகிற குட்டி ரயில் எஞ்சின் ஒன்று இருக்கிறதாம். பொம்மை இல்லை, உள்ளே நிஜ பாய்லர், நிஜத் தண்ணீர், நிஜ ஆவி. மாமாவுக்குப் பொழுது போகும் என்றார்.

இரண்டு படங்களை எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பினார்.

"மாமா, இது சாதா. தண்ணி ஊத்தி, கேஸ் அடைச்சு, பத்த வச்சா தானா ஓடும். தண்ணி தீர்றதுக்கு முன்னாடியே கேஸ் தீர்ந்துடும், அதனால பயமே இல்ல. இருபது நிமிஷம் ஓடி நின்னுடும். இன்னொண்ணு மேம்பட்டது. பிரஷர் கேஜ், தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாய், ரிமோட் எல்லாம் இருக்கு. ஓடிக்கிட்டிருக்கும்போதே தண்ணி ஏத்தலாம்."

இவர் சாதாவைப் பார்க்கவே இல்லை. விரல் நேராக இன்னொரு படத்தில் இருந்த ஒரு சின்ன வட்டத்தின் மேல் போய் நின்றது. "கேஜ் இருக்கு" என்றார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அந்தக் குரல் வரவில்லை, சத்தியமாக.

"சாதாதான்" என்றேன்.

"அத்தை, மாமாவுக்கு அதுதானே பழக்கம்..."

"பழக்கம்தான் மாப்பிள்ளை, அதுதான் வேண்டாங்கறேன். கேஜ் வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா இந்த மனுஷன் அதுக்கு முன்னாடியே உக்காந்துடுவாரு. நான் செத்தாலும் ஆள் மாத்தி விட்டாத்தான் வருவாரு. இருபது நிமிஷம் ஓடுச்சா, நின்னுச்சா, எழுந்து வந்தாரான்னு இருக்கணும்."

ஒரு வாரம் இதே சண்டை. கடைசியில் அவர், "சரி, அவ சொல்றதே இருக்கட்டும்" என்று படத்தை மடித்து வைத்தார். ஜெயித்துவிட்டேன் என்று தலைகால் புரியாமல் ஆடினேன்.

எஞ்சின் வந்தது. மாப்பிள்ளை வந்து கொய்யா மரத்தைச் சுற்றித் தண்டவாளம் போட்டுக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் எங்களை ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள், ரெண்டு பேரையும். மூன்றே கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நான் ஒன்றரைக்கே புடவை மாற்றிக்கொண்டேன்.

"ஒரு தடவை ஓட விட்டுட்டு வந்துடறேன். இருபது நிமிஷம்தானே, நீதான் சொன்னே" என்றார்.

எஞ்சின் உஸ் உஸ்ஸென்று சுற்றியது. இவரும் கூடவே குனிந்தபடி சுற்றினார். புறங்கையை பாய்லருக்குப் பக்கத்தில் காட்டிச் சூடு பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். கேஸ் தீர்ந்து நின்றது. அப்பாடா என்றேன். மறுபடி தண்ணீரும் கேஸும் நிரப்பிப் பற்ற வைத்தார். நின்றதும் மறுபடியும். மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டது.

"இன்னும் என்னத்தப் பாக்கறீங்க? அதுலதான் பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையே!"

"அதாண்டி" என்றார், தலையைத் தூக்காமல். "கேஜ் இருந்தா ஒரு தடவை பாத்துட்டுத் திரும்பிக்கலாம். இதுல உள்ள என்ன நடக்குதுன்னே தெரியல. கண்ண எடுக்க முடியல."

வாரம் முழுக்கக் கத்தி, நானே அடம்பிடித்து வாங்க வைத்தது அது. சட்டையெல்லாம் எண்ணெயும் வியர்வையுமாக நின்ற மனுஷனைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

"போங்க, போய்க் குளிச்சிட்டுச் சட்டைய மாத்துங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் நகரவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். ஒவ்வொரு சுற்றும் நேரம் போட்டு எழுதியிருந்தது. 'சார்ஜ் எடுத்தவர்' என்று ஒரு கட்டம்கூடப் போட்டிருந்தார். வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

"சொல்லு" என்றார்.

"சார்ஜ் எடுத்துக்கிட்டேன். போதுமா? போங்க!"

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு நிமிர்ந்தார். உள்ளே போனவர் குளியலறையில் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. இந்த வீட்டில் அவர் பாடி நான் கேட்டதே கிடையாது.

நான் மரத்தடியில் குந்தினேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் மெதுவாகி நின்றது. கேஸ் தீர்ந்துவிட்டது. ஆனால் உள்ளே இன்னும் ஏதோ முனகியது. பிரஷர் இருக்கிறதா, இறங்கிவிட்டதா? கேஜ் இருந்தால் முள் பூஜ்யத்தில் நிற்கும், எழுந்து போயிருப்பேன். புறங்கையைக் காட்டினேன், சூடாகத்தான் இருந்தது. காதை வைத்தேன்.

"கிளம்பலாமா?"

திரும்பிப் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, சீவிய தலை. கையில் வாசல் பூட்டும் சாவியும். முப்பத்தாறு வருஷமாக நான் பார்க்கக் காத்திருந்த கோலம்.

"இருங்க" என்றேன். "இன்னும் அடங்கல."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. எழுந்திரு, எழுந்து தொலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால் வரவில்லை. நோட்டில் என் கையெழுத்து இருந்தது.

தெருமுனையில் மூன்றே கால் பஸ் நின்று, புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. உள்ளே போன் அடித்தது, மகளாகத்தான் இருக்கும். அவர் பூட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, எனக்காகக் காத்திருந்தார்.